தீக்குச்சி கடிக்கும் பூனை

பதினோரு மணிக்குப் படகு. அதை விட்டால் ஐந்து நாளைக்கு வேறு படகு கிடையாது. அக்கரை போனதும் என்ஜினைக் கழற்றிப் பழுது பார்க்கப் போகிறார்கள். என் கையில் தங்கச்சியின் பார்சல். உள்ளே பன்னிரண்டு படங்கள். ஒரு செங்கல் கனம்கூட இருக்காது. ஆனாலும் படகுத்துறை போய்ச் சேருவதற்குள் எனக்கு வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

நான் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவன். தங்கச்சி குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறவள். அவளுக்கு முதலாளி என்று யாரும் இல்லை. அக்கரையிலிருந்து யார் கதை அனுப்பினாலும் வரைந்து கொடுப்பாள். எங்கள் வீட்டு முன் அறைதான் அவளுடைய பட்டறை. கடல் காற்றில் தாள் நமுத்துப் போகும் என்று அலமாரிக்குள் பகலெல்லாம் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுத் தாள்களை அதன் பக்கத்தில் அடுக்கியிருப்பாள். பூசிய நிறமும் லேசில் காயாது. தலை காயவைக்கிற மெஷினை எடுத்து வானத்துக்கு ஒரு ஊது, மரத்துக்கு ஒரு ஊது என்று ஊதிக்கொண்டிருப்பாள். "உன் தலையைக் காயவச்சு நான் பாத்ததே இல்லையே" என்று கேட்டால், "தலை யாருக்குண்ணா வேணும்" என்பாள்.

வம்பு போன புத்தகத்தில் வந்தது. எங்கள் தீவில் மொத்தமே முந்நூறு முகம். அவள் எந்த முகத்தைப் போட்டாலும் அது யாராவது ஒருவருடையதாக இருந்து தொலைக்கும். டீக்கடை அக்காவை ராணிக் கோழியாகப் போட்டாள். அந்த அக்கா புத்தகத்தைக் கல்லாப்பெட்டி மேலேயே நிறுத்திவைத்தார். அதே புத்தகத்தில் மீன் திருடுகிற பூனை ஒன்று. ஒரு கண் பாதி மூடியிருக்கும், வாய் ஓரத்தில் தீக்குச்சி. தீவில் வாயோரம் தீக்குச்சி கடிக்கிறவர் ஒரே ஒரு ஆள்தான். படகுக்காரர்.

அவர் படகு கரையைத் தொட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று 'மியாவ்' என்றார்கள். அடுத்த நாளும் 'மியாவ்'. மூன்றாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"உன் தங்கச்சி கிட்ட சொல்லிடு. உங்க வீட்டுப் பொருள் ஒரு துரும்புகூட என் படகுல ஏறாது."

அவரிடம் ஒரே ஒரு படகு. தீவுக்கும் அந்த ஒரு படகுதான்.

இந்தப் பன்னிரண்டு படமும் நாளைக்குள் அச்சகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கதையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று பதிப்பகத்து அம்மா போனில் சொல்லிவிட்டார். போனில் படம் பிடித்து அனுப்பினால் நிறம் செத்துவிடுமாம். நாலு மாதம் வரைந்தது. முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை அவளே போட்ட முதல் புத்தகம் வேறு.

எனக்கு அப்படி வியர்த்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்தக் கதையிலும் ஒரு திருடன் வருகிறான். சந்தையையே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுகிற கழுதை. போன மாதம் பென்சிலில் வரைந்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். கழுதை வாயில் தீக்குச்சி.

"அடிப்பாவி, மறுபடியுமா?" என்றேன்.

"அந்தக் குச்சி இல்லாம கழுதைக்கு உயிரே வரலண்ணா. நான் என்ன பண்ண?"

"உயிர் வேணாம். கழுதை மாதிரி இருந்தா போதும்."

 கடைசி இரண்டு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். காலையில் பார்சலை ஒட்டியே கையில் கொடுத்தாள். "ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டா எல்லாம் கரைஞ்சிடும்" என்றாள். கழுதை வாயில் இன்னும் குச்சி இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

படகுக்காரர் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததும் தீக்குச்சி வாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது.

"என்ன அது?"

"அண்ணே, இந்த ஒரு தடவை..."

"பிரி."

"பிரிக்கக் கூடாதுண்ணே, தண்ணி பட்டா..."

"பிரிச்சுக் காட்டினா ஏத்தலாமா வேணாமான்னு பாப்பேன். இல்லன்னா நீந்திக் கொண்டு போ."

படகில் ஏற நின்றவர்கள் சுற்றி வந்துவிட்டார்கள். டீக்கடை அக்காவும் கரண்டியோடு வந்தார். அலை தூணில் மோதி மோதித் தூவானம் அடித்தது. நான் காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கையைத் துண்டில் மூன்று தடவை துடைத்துவிட்டு ஒட்டியதைப் பிரித்தேன்.

அவர் ஒவ்வொரு தாளாக எடுத்தார். சந்தை. தராசு. குடை பிடித்த ஆடு. ஒவ்வொரு தாள் வெளியே வரும்போதும் என் உயிர் ஒரு படி இறங்கியது. ஒரு பெரிய அலை வந்தது. துண்டை விரித்துத் தாளுக்கு மேலே பிடித்தேன். தண்ணீர் முழுக்க என் முதுகில் விழுந்தது.

ஏழாவது தாளில் நின்றுவிட்டார். மூட்டையின் கீழே இரண்டு நீண்ட காது தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

 ஒரு கனைப்பு கேட்டது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தீக்குச்சி எங்கோ போய் விழுந்தது.

"டேய், இது நீடா!"

டீக்கடை அக்கா எட்டிப் பார்த்தார். "அட ஆமா! தலைப்பாக்கட்டு, அந்தக் கிழிஞ்ச காது. கழுத்தைப் பாரேன், அப்படியே இவன்!"

நானும் பார்த்தேன். கழுதை வலது தோளில் மூட்டையை வைத்திருந்தது. கழுத்து இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து கிடந்தது. பாரத்தை இறக்கி வைத்தாலும் நிமிராத கழுத்து. முகம் பார்க்கிற கண்ணாடியில் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். கழுத்தை யார் பார்த்தது?

"பிள்ளைங்க இனிமே உன்னைப் பாத்து கத்தட்டும்" என்றார் படகுக்காரர். கையைத் தன் சட்டையில் துடைத்த பிறகே தாள்களை அடுக்கினார். பார்சலை அவரே ஒட்டி, அவர் உட்காருகிற பலகைக்கு அடியில், தண்ணீர் வராத இடமாகப் பார்த்து வைத்தார். "அச்சகம் வரைக்கும் நானே கொண்டு போய்க் குடுக்கறேன். கழுதையை நம்பி விட முடியுமா?"

வீட்டுக்குப் போனேன். தங்கச்சி வாசலிலேயே நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு. ஏண்டி, நான் கழுதையா?"

"வேற யார் முகத்தைப் போட்டாலும் மறுபடி வம்புதாண்ணா. நீ ஒருத்தன்தான் கோச்சுக்கிட்டாலும் தூக்கிட்டுப் போவ."

சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நனைந்த துண்டைப் பிழிந்தேன்.

"கழுத்து அவ்வளவா சாஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"அதைவிடக் கொஞ்சம் அதிகம்ணா. நான்தான் குறைச்சுப் போட்டேன்."

ஐந்து நாள் கழித்துப் படகு வந்தது. படம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தியும் வந்தது. பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று கழுதை மாதிரிக் கத்தினார்கள். முதல் மூட்டையை இடது தோளில் ஏற்றிப் பார்த்தேன். பத்தடிகூடப் போக முடியவில்லை. வலது தோளுக்கே மாற்றிக்கொண்டேன்.