தலைவி சிரிக்க வேண்டிய ஷாட்

செத்துக் கிடக்கிறாள் தமயந்தி, வெள்ளி வண்ணம் அடித்த பிளைவுட் பெட்டிக்குள், கைகளை மார்பின் மேல் கோத்து, மூக்கின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது, பூமியை விட்டுக் கிளம்பி முந்நூறு வருடமான விண்கப்பலுக்குள் ஈ எப்படி வந்தது என்று கேட்க இந்தத் தளத்தில் ஒருவனுக்கும் புத்தி இல்லை, மூச்சு விடாதீங்க மேடம், குளோசப் போறேன் என்று கத்துகிறான் இயக்குநர் கிருபாகரன், அந்தரக் கப்பல் தொடரின் கடைசிக் காட்சி, கப்பலின் தலைவி தன் பங்குக் காற்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு உயிரை விட்டாயிற்று, இப்படித்தான் முடியப்போகிறது என்று முதல் நாள் படப்பிடிப்பிலேயே எழுத்தாளர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார், முடிவ எழுதிட்டுத்தாம்மா ஆரம்பத்தையே எழுதினேன், நீ சாகப்போறது ஒனக்கு மட்டுந்தான் தெரியும், சிரிக்கும்போதுகூட அது மொகத்துல கெடக்கணும், பாத்துக்க. அதுவரை மருமகளாக விசும்பியே காலத்தை ஓட்டியவளுக்கு அன்றுதான் முதல்முறையாக ஒரு வேஷம் கிடைத்தது, வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

விட்டார்களா, சேனலிலிருந்து ஷ்ரவண் வந்தான், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் சூயிங்கம், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை, போட்டி சேனல்ல பாம்பு சீரியல் பிச்சிக்கிட்டு ஓடுது சார், நம்ம கப்பல்லயும் ஒண்ணு விடுங்க என்கிறான், அண்ணாச்சி தாடியைச் சொறிந்துகொண்டே யோசித்து, காற்றுக் கசிவை மோப்பம் பிடிக்கும் பாம்பு என்று அதைக் கதைக்குள் இழுத்துக்கொண்டார், மாமியார் இல்லாம லேடீஸ் பாக்க மாட்டாங்க என்கிறான், பனிப்பெட்டியில் உறைந்து கிடந்த மாமியார் கண் விழித்தாள், விழித்ததும் முதல் வேலையாக ரசத்தில் உப்பில்லை என்றாள், பிறகு வளைகாப்பு, எடையில்லாத வெளியில் வளையல்கள் மிதக்க வேண்டுமென்று தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டார்கள், ஒன்று அறுந்து புளியோதரையில் விழுந்தது, வெட்கமில்லாமல் அதையும் ஒளிபரப்பினார்கள், எந்தக் குப்பையைக் கொட்டினாலும், வண்டிக்காரன் தூங்கினாலும் வீடு போய்ச் சேரும் மாடு மாதிரி, அண்ணாச்சி தன் முடிவை நோக்கியே கதையை இழுத்துக்கொண்டு போனார். தமயந்தி அவரை நம்பி, ஒவ்வொரு காட்சியிலும் சாகப்போகிறவளின் முகத்தோடு அந்த ரசத்தைக் குடித்தாள்.

இன்று காலை ஒப்பனை அறைத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஷ்ரவணின் குரல், அந்தம்மா செத்துட்டு எந்திரிச்சு சிரிப்பாங்கல்ல, அத டைட்டா எடுத்துடுங்க சார், தலைவி சாகவே இல்லன்னு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடலாம், கிருபாகரன் ஹிஹி என்றான். பிணமாக நடித்தவர் படுத்த இடத்திலிருந்தே எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேஷம் பலித்துவிடும் என்பது தொழிலில் உள்ள சாங்கியம், அதை யாரும் ஒளிபரப்புவதில்லை, ஆனால் ஒருமுறை செய்தார்கள், அவள் கிணற்றில் விழுந்து செத்த மருமகளாக இருந்தபோது, சம்பிரதாயத்துக்குச் சிரித்த சிரிப்பை எடுத்துவைத்திருந்து, இடி முழக்கத்தோடு போட்டு, அவளைப் பிழைக்கவைத்து, அதோடு விடாமல் ஒரு இரட்டைப் பிறவியையும் ஒட்டிவிட்டார்கள், இரண்டு மடங்கு அழுதாள், சாகவும் விடாத ஜென்மங்கள்.

கேமரா ஓடட்டும், மேடம், எந்திரிச்சு சிரிங்க என்கிறான் கிருபாகரன். அவள் அசையவில்லை. மேடம், ஷாட் முடிஞ்சிடுச்சு. அவளுக்கும் பயம்தான், நம்புகிறவள்தான், வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் சுற்றிப்போடுகிறவள், ஆனாலும் இமையைத் திறந்தால் போதும், அந்த ஒரு துண்டை வைத்து அண்ணாச்சி கட்டிய முடிவை இவர்கள் நாறடித்துவிடுவார்கள். அக்கா, அபசகுனம்க்கா, சிரிச்சிடுக்கா என்று ஒப்பனைக்காரப் பெண் அழுகிறாள், மேடம், ஒரே ஒரு செகண்ட் மேடம் என்று ஷ்ரவண் குழைகிறான், அந்தக் குரலில் உமிழத் தோன்றுகிறது, பிணம் எப்படி உமிழும். பிறகு செருப்புச் சத்தம், பெட்டியின் மேல் ஒரு நிழல், அண்ணாச்சி கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறார், மூக்குப்பொடி வாசனை, கத கெடக்கட்டும்மா, இன்னும் நூறு எழுதிக்கிடலாம், உசுரு வருமா, சிரிச்சிரும்மா. இவருமா, இத்தனை வருடம் இழுத்து வந்து வாசலில் போட்டு உடைக்கிறாரே மனிதர் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர் கன்னத்திலிருந்து ஏதோ சூடாக அவள் கையில் சொட்டியது, கோபம் பாதியில் நின்றது.

உதடு அசையாமல் சொன்னாள், அண்ணாச்சி, மூடியப் போடுங்க.

மூடி உராயும் சத்தம், கிருபாகரனின் ஏய் ஏய், இமைக்கு மேல் விளக்குச் சூடு அற்றுப்போகிறது, இருட்டு, நல்ல இருட்டு, சுண்ணாம்பும் பெயிண்டும் நாறும் சொந்த இருட்டு, அங்கே தமயந்தி கண்ணைத் திறந்தாள், மூடிக்கு அந்தப் பக்கம் கேமரா இருக்கும் திசையைப் பார்த்து, பல் தெரிய, வயிறு குலுங்கச் சிரித்தாள், அவர்களை நினைத்தே சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க இன்னும் வந்தது. திறங்கடா அதை, கேமரா ஓடுது என்று வெளியே ஷ்ரவண் கத்தினான். ஆவுடைநாயகம் அண்ணாச்சி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தார்.