கயோட்டிப் போட்டிக்கு அண்ணன் போட்ட ஓட்டு

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, கோல்பர்ன் ஊர்க்கூட்டத்துக்காகக் காரை விட்டு இறங்கியபோதே ஒடீலுக்குப் பயம் வந்துவிட்டது. ஊரை நினைத்துப் பயமில்லை. அவள் பிறந்து வளர்ந்த, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்து மலையூர் அது. அவளை மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பி வைத்ததும் அதே ஊர்தான். பயமெல்லாம் கூட்டத் தலைவராக மேடையில் மரச்சுத்தியலோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஆல்சீட்டை நினைத்துத்தான்.

ஆல்சீட் அவளோடு பேசி ஐந்து வாரமாகிறது. காரணம் ஊருக்கே தெரியும். பிப்ரவரி தோறும் நடக்கும் கயோட்டி வேட்டைப் போட்டியை நடத்துகிறவன் அவன். நரியைவிடப் பெரிதாக, ஓநாயைவிடச் சிறிதாக இருக்கும் அந்தப் பிராணியை அதிகம் சுட்டவனுக்கு ஒரு கோப்பை, கனமானதைச் சுட்டவனுக்கு ஒரு துப்பாக்கி. அப்படிப்பட்ட போட்டிகளை மாநிலம் முழுக்கத் தடை செய்யச் சொல்லும் மசோதாவில் முதல் கையெழுத்து ஒடீலுடையது.

அவள் ஒன்றும் பூஞ்சை மனசுக்காரி அல்ல. ஒவ்வொரு நவம்பரிலும் மான் சுட்டு, உரித்து, ஃப்ரீசரை நிரப்புகிறவள். போன வருடம் போட்டியில் கோப்பை கொடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். தராசுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களின் முன்னால் நின்று, சிரித்தபடி போட்டோவுக்கு நின்றாள். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்தபோது தன் முகத்தைப் பார்க்கத் தனக்கே வெட்கமாக இருந்தது. தின்னவும் இல்லை, தோலை விற்கவும் இல்லை. எண்ணிப் பார்ப்பதற்காக ஒரு சாவு. அவளுக்கு அது ஒப்பவில்லை.

ஆனாலும் தேர்தலின்போது வாக்குக் கொடுத்திருந்தாள்: ஊர் ஒன்றை வேண்டாமென்று கூடிச் சொன்னால் அதை மீறமாட்டேன் என்று. இன்று ஊர் வேண்டாமென்றால் அவள் மசோதாவிலிருந்து பெயரை எடுத்தாக வேண்டும். அவள் எடுத்தால், அவளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட மலைநாட்டு உறுப்பினர்கள் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். மசோதா அத்தோடு படுத்துவிடும்.

மசோதாவை எதிர்க்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பெக்வித். மேப்பிள் மரத் தோப்புக்காரர், வாய்க்குப் பூட்டில்லாத மனிதர். தீர்மானத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னதும் அவர்தான்.

"சாப்பாடெல்லாம் ஆனப்புறம் வைங்க," என்றார் ஊர் எழுத்தர் பெர்னீஸிடம். "நிதானமா ரசிக்கணும் பாருங்க."

காலையில் ரோடு, பள்ளிக்கூடம், பனி வாரும் லாரிக்குப் புது டயர் என்று போயிற்று. கோல்பர்ன் கூட்டத்தில் யாரும் யாரையும் பார்த்து நேரே பேசக்கூடாது. எதுவானாலும் தலைவருக்குச் சொல்ல வேண்டும். தலைவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. ஆல்சீட் அதில் கெடுபிடியான ஆள். சொந்தப் பெண்டாட்டி குறுக்கே பேசினாலும் சுத்தியலைத் தட்டுவான். ஒடீல் டயரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கக் கையைத் தூக்கியபோது, "உறுப்பினர் பேசலாம்," என்றான், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

மத்தியானம் பீன்ஸும் பன்றித் தொடையும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் கோட்டைக் கழற்றினார்கள். இரவெல்லாம் உறையும் குளிர், பகலில் சுள்ளென்று வெயில். கூரைப் பனி உருகிச் சொட்டியது. பெக்வித்தின் கைபேசி அடித்தது.

"என்னது, வாளி வழியுதா?" என்றார் அவர். "எத்தனை மரத்துல?"

அந்த வருடத்துச் சாறு இறங்கிவிட்டது. மேப்பிள் சாறு கூட்டத்துக்காகக் காத்திருக்காது; இறங்குகிற அன்றே சேர்த்துப் பாகாகக் காய்ச்சாவிட்டால் பாழ். பெக்வித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்.

"நான் இல்லாட்டியும் தீர்மானம் நிக்கும்ல?" என்றார் பெர்னீஸிடம்.

"எழுதிக் கொடுத்தாச்சே. நிக்கும்."

"அப்ப சரி. நம்ம ஆளுங்கதான் நிறைய இருக்காங்க."

அதையேதான் தோப்பு வைத்திருந்த மற்றவர்களும் நினைத்தார்கள். நாம் ஒருத்தர் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியே நழுவினார்கள். ஊரில் போட்டிக்கு உயிரைக் கொடுப்பவர்களில் முக்கால்வாசிப்பேர் தோப்புக்காரர்கள் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

தீர்மானத்தைப் பெர்னீஸ் வாசித்தாள். ஒடீல் எழுந்து, தான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று சுருக்கமாகச் சொன்னாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, கயோட்டி தன் ஆட்டுக்குட்டியைத் தூக்கிப்போன கதையைச் சொன்னார். அதுவும் நிஜம்தான்.

"தலைவரே, மந்தைக்கு வர்றதைச் சுட இந்தச் சட்டம் தடை சொல்லல," என்றாள் ஒடீல். "போட்டி வச்சுச் சுடுறதைத்தான் தடுக்குது."

பிறகு நவோமி எழுந்தார். ஊருக்குப் புதிதாக வந்த பல் டாக்டர்.

"தலைவரே, எனக்கு ஒரு சந்தேகம். போட்டி முடிஞ்சப்புறம் அந்த உடம்புகளை எல்லாம் என்ன பண்றீங்க?"

எத்தனையோ வருடமாகக் கோப்பையைத் தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

ஆல்சீட்டின் காது சிவந்தது. "தலைவர் விவாதத்துல கலந்துக்க முடியாது," என்று சொல்லிவிட்டுச் சுத்தியலைத் தட்டினான். "கை தூக்குங்க."

பெர்னீஸ் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் எண்ணினாள்.

"சமம்," என்றாள்.

இரண்டு பக்கமும் சமமானால் தலைவர் ஓட்டுப் போட்டே தீர வேண்டும். ஒடீல் கண்ணை மூடிக்கொண்டாள். போட்டியை நடத்துகிறவன் கையில் போட்டியின் ஓட்டு. முடிந்தது கதை. போகட்டும், அண்ணனாவது இனி பேசுவான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள், தேறவில்லை.

"எதிர்க்கிறேன்," என்றான் ஆல்சீட்.

"யாரை?" என்றாள் பெர்னீஸ், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.

"தீர்மானத்தை. எழுதிக்க. தோத்துப்போச்சு."

மண்டபத்தில் ஒரே சலசலப்பு. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஏன் என்று கேட்டார்கள். ஆல்சீட் சுத்தியலைத் தட்டினான்.

"தலைவர் விவாதிக்க மாட்டார். கூட்டம் முடிஞ்சுது. ஏன்னு தெரிஞ்சே ஆகணும்னா என் தொழுவத்துக்கு வாங்க. வரும்போது மண்வெட்டி எடுத்துட்டு வாங்க."

பாதி ஊர் போயிற்று. மிச்சமிருந்த டோனட்டையும் தட்டோடு கொண்டுபோனார்கள். தொழுவத்துக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் ஒன்றை ஆல்சீட் இழுத்தான். இந்த வருடத்துக் கயோட்டிகள் அத்தனையும் அங்கே விறைத்துக் கிடந்தன. டோனட் கடித்த வாய்கள் அப்படியே நின்றன.

"போட்டோ எடுப்பீங்க, காபி குடிப்பீங்க, கிளம்பிடுவீங்க," என்றான் ஆல்சீட். "பிப்ரவரில மண்ணு கல்லு மாதிரி. குழி தோண்ட முடியாது. ஏப்ரல் வரைக்கும் இது என்கூடத்தான் குடியிருக்கும். கடைசி ரெண்டு வாரம் என் பெண்டாட்டி அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிடுறா."

"நாயும் என்கூட வந்திடும்," என்றாள் அவன் மனைவி. யாரோ சிரித்துவிட்டார்கள். அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டுக்குட்டி பறிகொடுத்தவரும் சிரித்தார்.

"இத்தனை வருஷமா ஏன்யா சொல்லல?" என்றார் ஒருவர்.

"யார்கிட்ட சொல்றது? ஆல்சீட்டுக்கு மூக்கு மெல்லிசாயிடுச்சும்பீங்க."

எருக்குவியலுக்கு அடியில் மண் உறையாது. அந்தக் குவியலை ஒற்றை ஆளால் நகர்த்த முடிந்ததில்லை. இருபது மண்வெட்டிக்கு அது ஒரு வேலையே இல்லை. ஒருவர் கொண்டுவந்த டிராக்டர் குழி தோண்ட, கயோட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினார்கள். ஒடீல் நல்ல ஷூவோடு எருவில் கணுக்கால்வரை நின்றாள். அண்ணன் எதிரில் நின்று மண் தள்ளினான்.

"அண்ணே, அப்ப அஞ்சு வாரமா எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்த?"

"கோபந்தான்."

"என்ன கோபம்? நீயும் அதைத்தானே நினைச்ச?"

"அதனாலதான். போட்டி நடத்துறவன் நான். நிறுத்துன்னு நான் சொல்லியிருக்கணும். நீ முந்திக்கிட்ட." மண்வெட்டியை ஊன்றினான். "அதுவும் பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

அவளுக்கு அந்த இடத்திலேயே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எருக்கையோடு கண்ணைத் துடைக்கப் போனவளை, "ஏய், கையைப் பாரு," என்று அதட்டினான். ஐந்து வாரத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் அதட்டல். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

குழியை மூடி, கையைத் தேய்த்துக் கழுவி, வீட்டு முன்வாசலுக்கு எல்லோரும் வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பெக்வித்தின் லாரி தடதடவென்று வந்து நின்றது. சட்டையெல்லாம் புகை வாசனை, கையில் ஆவி பறக்கும் பெரிய பாத்திரம். வருடத்தின் முதல் பாகு; அதைச் சுடச்சுடப் பனியில் ஊற்றித் தின்பது ஊர் வழக்கம்.

"மண்டபம் பூட்டியிருந்துச்சு. எல்லாரும் இங்கதான்னு சொன்னாங்க," என்றார், முகமெல்லாம் பல்லாக. "ஜெயிச்சதுக்குத்தானே இந்தக் கொண்டாட்டம்? எத்தனை ஓட்டு வித்தியாசம்?"

"ஒண்ணு," என்றான் ஆல்சீட்.

"ஒண்ணுதானா? சரி, ஒண்ணுன்னாலும் ஜெயிச்சது ஜெயிச்சதுதான். யார் போட்ட ஓட்டு?"

பெர்னீஸ் இருமினாள். ஒடீல் வேலியோரம் போய், யார் காலும் படாத வெள்ளைப் பனியை ஒரு கிண்ணம் நிறைய அள்ளி வந்து அவர்முன் நீட்டினாள்.

"முதல்ல ஊத்துங்க, பெக்வித்," என்றாள். "அப்புறம் சொல்றேன்."