‘இல்லை’க்கு ஓர் அம்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு பிரசவ வார்டின் சுவரில் கிடைத்தது. ஒரே ஒரு தாள்; கட்டங்கள், அம்புகள். யார் வரைந்தது என்று கேட்டேன். தலைமை நர்ஸ், “நான்தான். ஏன், கோணலா இருக்கா?” என்றார். மற்றதெல்லாம் அவர் சொன்னது. (சொல்லாததையும் கொஞ்சம் எழுதுவேன், பிழைப்பு அப்படி.)

2

முதல் தொடக்கம்: ‘அன்று வானம் இருண்டு—’

வேண்டாம். வானத்துக்கு இங்கே வேலையில்லை.

பிரசவம் முடிந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெரிய டாக்டர் சரி சொல்லாமல் ரத்தம் ஏற்றக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். நர்ஸ் போனைக் காதில் வைத்தபடி இருபத்திரண்டு நிமிடம் நின்றாள். (கதைக்குள் வந்ததும் ‘அவர்’ ‘அவள்’ ஆகிவிட்டார். பொறுத்துக்கொள்வார்.) டாக்டர் போனை எடுத்தபோது அந்தப் பெண்ணின் உதடு வெளுத்துக் கிடந்தது. உயிர் பிழைத்தாள். கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாளே நிர்வாகம் சொன்னது: அவசரத்தில் யார் என்ன செய்வது என்று ஒரு ஃப்ளோசார்ட் வேண்டும். “வேர்டுலயே போட்டுக் குடுத்துடுங்க சிஸ்டர்.”

3

கம்ப்யூட்டரில், வேர்டில் அவளுக்குக் கடிதம் அடிக்கத்தான் தெரியும். ஒரு கட்டத்தை நகர்த்தினால் அம்புகள் அந்தரத்தில் தொங்கின. அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாத்தனாரைப் போனில் பிடித்தாள்.

“வெறும் கோடு போட்டீங்களா அண்ணி? அது ஒட்டாது. இணைப்புக் கோடுன்னு ஒண்ணு இருக்கும். கட்டத்து ஓரத்துல புள்ளி தெரியும் பாருங்க, அதுல கொண்டுபோய் விடுங்க. அப்புறம் எங்க இழுத்தாலும் கூடவே வரும்.”

“உங்க அண்ணன் மாதிரியா?”

“அவனைவிட நல்லாவே வரும்.”

(அப்படியொரு வாரத்தில் இவள் சிரித்திருப்பாளா? சந்தேகப்பட்டு அவரிடமே கேட்டேன். “சிரிக்கலைன்னா மவுஸைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்” என்றார். விட்டுவிட்டேன்.)

4

பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார். “நடுவுல கேள்விக்கு ஒரு சாய்சதுரம் போடுங்க. ‘தலைமை மருத்துவர் அனுமதித்தாரா?’ ‘ஆம்’னா ரத்தம்.”

“சரி சார். ‘இல்லை’ன்னா அம்பு எங்க போகும்?”

“நான் எதுக்கு இல்லைன்னு சொல்லப்போறேன்?”

“நீங்க சொல்ல வேணாம் சார். போன் எடுக்கலைன்னாலும் ‘இல்லை’தானே. அன்னைக்கு அந்தப் பொண்ணு அந்த ‘இல்லை’லதான் கெடந்தா. நானும் பக்கத்துலயே நின்னேன்.”

(பெரிய டாக்டரை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த இருபத்திரண்டு நிமிடமும் அவர் ஆபரேஷன் தியேட்டரில் வேறொருத்தியின் வயிற்றுக்குள் கை வைத்திருந்தார். போன் வெளியே அலமாரியில்.)

டாக்டர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, ‘இல்லை’யிலிருந்து ‘ரத்தம் ஏற்றவும்’ கட்டத்துக்குத் தானே ஓர் அம்பு இழுத்தார். பக்கத்தில் எழுதினார்: இரண்டு நிமிடம் மட்டும் காத்திருக்கவும். அதற்கும் கீழே கையெழுத்து.

5

தாளை ஒட்டிய அன்றுதான் அந்தப் பெண் வீட்டுக்குக் கிளம்பினாள். குழந்தையோடு சுவர் முன்னால் நின்று, அம்பு அம்பாக விரலை ஓட்டிப் படித்தாள்.

“அன்னைக்கு நான் எந்தக் கட்டத்துல இருந்தேன் சிஸ்டர்?”

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் நர்ஸ் சாய்சதுரத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். இன்னொன்றில், “அப்ப இந்தப் படமே இல்லம்மா” என்கிறாள், அது உண்மையும்கூட. மூன்றாவதில் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, “என்னை மன்னி—”

உண்மையில் நர்ஸ் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு அந்தப் பெண் காத்திருக்கிறாள். இப்போது டியூட்டி உங்களுடையது. சொல்லுங்கள்.