இருபத்தாறு டிகிரி சமாதானம்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் இருந்த மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாரம் ஒருமுறை வருவதாகத்தான் தொட்டிக்காரரிடம் பேச்சு. இந்த வாரத்தில் இது நாலாவது தடவை. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் ரப்பர் குழாய், முகத்தில் பல் பிடுங்க வந்தவரின் களை.

விஷயம் இவ்வளவுதான். தொட்டியில் விட்ட டிஸ்கஸ் மீன்கள் டாக்டருடையவை. வெந்நீர்ப் பிராணிகள், இருபத்தொன்பது டிகிரி கேட்கும். செடிகள், வரவேற்பு மேசையில் உட்காரும் டாக்டரின் அக்கா நட்டவை; இருபத்தைந்தைத் தாண்டினால் இலை கண்ணாடியாக வெளுத்துக் கரைந்துவிடும். தொட்டிக்காரர் ஹீட்டரை இருபத்தாறில் வைத்து இரண்டு தரப்பையும் பாதி அதிருப்தியில் வைத்திருந்தார். உலகத்தில் முக்கால்வாசிச் சமாதானம் இப்படித்தான் ஓடுகிறது.

ஆனால் டாக்டர் காலையில் வந்ததும் ஹீட்டர் குமிழைத் திருகி ஏற்றுவார். அவர் உள்ளே போய் யாருடைய வாயையாவது திறக்கவைத்ததும் அக்கா இறக்குவாள். சண்டை கிடையாது. விட்டுக்கொடுத்தே வளர்ந்த அக்காவும் தம்பியும்; எதிரெதிரே நிற்கும்போது மட்டும்.

இந்த ஏற்ற இறக்கத்தில் மூன்று மீன்களில் இரண்டு போய்ச் சேர்ந்தன. மிச்சம் ஒன்று. அதுவும் கறுத்துப்போய், மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று தொட்டிக்காரருக்குத் தெரிந்தது.

"என்னண்ணே, உங்க கைராசி இப்படியா?" என்றாள் அக்கா.

"கைராசிதாம்மா. கைதான் என்னுது இல்ல."

டாக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். உள்ளே ஒருவர் வாயைத் திறந்தபடியே இருந்தார். "ஹீட்டர் ரிப்பேராங்க?"

"ஹீட்டர் நல்லாத்தான் சார் இருக்கு. திருகுறவங்கதான் ரெண்டு பேரு."

டெலிபோன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான் லேசாத்தான் குறைச்சேன்," என்றாள் அக்கா.

"நானும் லேசாத்தான்க்கா ஏத்தினேன்."

"ஒரு நாளைக்கு நாலு டிகிரி ஏறி எறங்குது. உங்களுக்கு அப்படிக் காய்ச்சல் அடிச்சா வேலைக்கு வருவீங்களா? செடியா, மீனா, பேசி முடிச்சுச் சொல்லுங்க. நான் உக்காந்துக்கறேன்." சொன்னபடியே தொட்டிக்காரர் நோயாளிகளின் நாற்காலியில் சரிந்தார்.

அக்கா மீனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு ஒரு செடியைப் பற்றி இழுத்தாள்.

"இரு அக்கா, இரு! வேர் உள்ளேயே நின்னுடும்." டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தார். செடியை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து, வேரோடு எடுத்து நீட்டினார். தொழில் பக்குவம்.

மூன்றாம் நாள் மீன் ஒரு உருண்டை இரையை விழுங்கியது. முதலில் பார்த்தது அக்காதான். அதற்குள் அவளுடைய மேசைமேல் செடிகளுக்கென்று தனித் தொட்டி வந்திருந்தது, ஹீட்டர் இல்லாமல்.

"அண்ணே, அப்படியே இதையும் பாத்துக்குங்க."

தொட்டிக்காரர் தலையை ஆட்டினார். அதற்கு மட்டும்தான் தெம்பு இருந்தது.