எடை மேடைக்குள் போன வீடு

வெர்லினுடைய கை தன்பாட்டுக்கு இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது. ‘லாரிகள் எல்லாம் உள்ளே’ என்று மஞ்சள் விளக்கு மினுங்கும் பலகையைக் கண்டால் வலது பக்கம் ஒடிப்பது அவனுக்கு முப்பத்தெட்டு வருடப் பழக்கம். புத்தி வந்து சேர்வதற்குள் லாரியும் அதன் முதுகில் கொக்கி போட்டிருந்த நாற்பதடி இழுவை வீடும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, எடை மேடைக்குப் போகும் ஒற்றைப் பாதையில் பாதி தூரம் வந்துவிட்டன.

“எங்க போற?” என்றாள் ஆர்டிஸ். மடியில் பின்னிக்கொண்டிருந்த கம்பளி உறை அப்படியே நின்றது.

“தெரியாம திருப்பிட்டேன்.”

“நாம இங்கெல்லாம் போகவே கூடாதுன்னு ஒரு மாசமா எனக்குப் பாடம் எடுத்தது நீதானே?”

“கொஞ்சம் பேசாம இரு, ஆர்டிஸ்.”

“பேசல. பின்னால எடு.”

“பின்னால மாட்டு லாரி நிக்குது. எப்படி எடுக்க?”

சரக்கேற்றி வாடகைக்கு ஓடுகிற லாரிதான் எடை மேடைக்குள் போக வேண்டும். வெர்லினுடையது இப்போது காகிதத்தில் லாரியே இல்லை. வீட்டு வண்டி.

இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. கம்பெனி டாக்டர், லாரி ஓட்ட உடம்பு தகுதி என்று காட்டும் மெடிக்கல் கார்டைப் பிடுங்கிக்கொண்டார். கூடவே கனரக லைசென்சும் போயிற்று. காய்கறி வாங்கக் கார் ஓட்டிப் போகிறவர்கள் வைத்திருக்கும் சாதாரண லைசென்ஸ் மட்டும் மிஞ்சியது. அவர்களுடைய டக்கோட்டா மாநிலத்தில் சொந்த வீட்டைச் சொந்தத்துக்கு இழுக்க அது போதும். இந்த வசந்தத்தில், குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு இந்தச் சக்கர வீட்டை வாங்கினார்கள். ஒன்பது டன். பிக்கப் வண்டியில் மாட்டினால் பிக்கப் வாலை மண்ணில் தேய்த்தது. அதனால்தான் அவனுக்குக் கை பழகிய இந்தப் பழைய லாரி.

லாரி கிடைத்தது, இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. ‘லாரி’ என்ற வார்த்தையைக் கேட்டதும் ஏழு கம்பெனிக்காரர்கள் போனை வைத்துவிட்டார்கள். எட்டாவதாக லெனெட் என்று ஒரு பெண் கிடைத்தாள். “படுக்கை, அடுப்பு, கழுவுதொட்டி, கழிப்பறை, நாலும் லாரிக்குள்ள இருக்கணும் சார். இருந்தா அது வீடு. போட்டோ எடுத்து அனுப்புங்க” என்றாள். டிரைவர் தூங்குகிற அந்தச் சின்ன அறைக்குள் நாலையும் திணிக்க வெர்லினுக்கு ஆறு வாரம் பிடித்தது. கடைசியில் லெனெட் ஒன்று சொன்னாள். அது அவன் தூக்கத்தைக் கெடுத்தது.

“என்னைக்காவது ஒரு ஆபீசர் இதை வாடகை வண்டின்னு எழுதிட்டா, அன்னைக்கே நம்ம பாலிசி செத்துச்சு சார். அப்புறம் உங்களை ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க.”

இன்சூரன்ஸ் போனால் பதிவு போகும். பதிவு போனால் வீடு நின்ற இடத்தில் நிற்கும். அவர்கள் கோடை முழுக்கத் தங்கியிருந்த இழுவை வீட்டு முகாமில் குளிர்காலத்துக்காக இன்று காலைதான் முகாம்காரர்கள் குழாயை அடைத்துக் கேட்டைப் பூட்டினார்கள். இன்னும் ஒரு வாரத்தில் பனி விழும். அதற்குள் தெற்கே போய்ச் சேர வேண்டும்.

லாரி மேடையில் ஏறியது. முன்னால் பச்சை விளக்கு எரிந்தது. வெர்லின் மூச்சை விடப் போனான். விளக்கு சிவப்பாக மாறியது.

“பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்க. காகிதத்தோட இறங்குங்க” என்றது ஒலிபெருக்கி.

காகிதங்களோடு இறங்கினான். சட்டையில் கொவாச் என்று பெயர் தைத்திருந்த பெண் ஆபீசர் அட்டையும் பேனாவுமாக வந்தாள்.

“லாக் புக், மெடிக்கல் கார்டு, கம்பெனி நம்பர்.”

“அதெல்லாம் இல்ல மேடம்.”

“எது இல்ல?”

“எதுவுமே இல்ல. நான் வாடகைக்கு ஓட்டல. பின்னால இருக்கறது எங்க வீடு.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் மூணு படகை ஏத்திக்கிட்டு வந்து, மூணும் என் மச்சானோடதுன்னாரு.” அவள் கதவைப் பார்த்தாள். அங்கே வெர்லின் தன் கையால் எழுத்து எழுத்தாக ஒட்டியிருந்தான்: வாடகைக்கு அல்ல. “இப்படி எழுதி ஒட்டிட்டு, அப்புறம் எதுக்கு உள்ள வந்தீங்க?”

இந்தக் கேள்விக்குத்தான் அவன் பயந்தான். உண்மை அவனுடைய காதுக்கே பொய் மாதிரிக் கேட்டது.

“பழக்கம், மேடம். முப்பத்தெட்டு வருஷம் சரக்கு லாரி ஓட்டுனேன். பலகையைப் பாத்ததும் கை திரும்பிடுச்சு.”

“அப்ப இன்னும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்க.”

அட்டையில் இருந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள். வெர்லின் எதிரே நின்று எழுத்தைத் தலைகீழாகப் படித்தான். பேனா முனை முதல் கட்டத்துக்கு மேலே நின்றது. அது வாடகைக் கட்டம்.

அவன் நீட்டிய லைசென்சை வாங்கிப் பார்த்தாள். “கனரக லைசென்ஸ் ஏன் விட்டீங்க?”

வயதாகிவிட்டது, ஓய்வு பெற்றேன் என்று சொல்லியிருக்கலாம். பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். பின்னால் ஆர்டிஸ் இறங்கி வந்து நின்றது அவனுக்குத் தெரிந்தது.

“கண்ணு” என்றான். “வலது கண்ணு சரியா தெரியாது.”

பேனா அசையவில்லை. “அப்புறம் இந்த லைசென்ஸ்?”

“இடது கண்ணு போதும்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு. ரெண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வேணும்னு லைசென்ஸ்லயே போட்டிருக்கு. மாட்டியிருக்கேன்.”

அவள் லைசென்சைத் திருப்பிப் படித்தாள். நடந்துபோய் இரண்டு கண்ணாடியையும் கையால் அசைத்துப் பார்த்தாள். பிறகு படியில் ஏறி, இருக்கைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் தலையை நீட்டினாள். படுக்கையைப் பார்த்தாள். கழுவுதொட்டிக் குழாயைத் திறந்து மூடினாள். மூலையில் இருந்த கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே விளிம்பு வரை கம்பளி நூல் உருண்டைகள். சிவப்பு, நீலம், மஞ்சள்.

“என்னது இது?”

ஆர்டிஸ் வெர்லினை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

“நூல், மேடம். என்னோடது.”

“கழிப்பறைலயா?”

“என்ன பண்றது சொல்லுங்க. இந்த மனுஷன்கூட வண்டில போனப்பல்லாம், அவசரம்டான்னா அடுத்த பங்க் வரட்டும்பான். இப்ப முதுகுக்குப் பின்னாலயே கொண்டாந்து வச்சிருக்கான், கதவுகூட இல்லாம. நான் அதுல உக்காந்தா ரோட்டுல போற லாரிக்காரன் அத்தனை பேரும் ஹாரன் அடிப்பான்.”

ஆபீசரின் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதை உடனே சரிசெய்துகொண்டாள்.

“அடுப்பு எரியுமா? இல்ல, அதுலயும் நூல்தானா?”

போட்டோ எடுத்த அன்றைக்குப் பிறகு வெர்லின் அந்த அடுப்பைப் பற்றவைத்ததே இல்லை. சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. டயர், பிரேக், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் காலையில் இரண்டு தடவை சோதித்திருந்தான். லாரிக்காரன் சோதிப்பது அதைத்தானே. வீட்டை யார் சோதித்தார்கள்?

ஆர்டிஸ் முழங்காலிட்டுப் படுக்கைமேல் ஏறினாள். முதல் தீக்குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது குச்சி எரிந்தது, அடுப்பு எரியவில்லை. “கதவைச் சாத்துங்க” என்றாள், யாரிடம் என்று பார்க்காமல். ஆபீசரே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது குச்சியில் டுப் என்று ஒரு சத்தம். நீலமாய் ஒரு வளையம் எழுந்தது.

“காப்பி குடிக்கிறீங்களா?” என்றாள் ஆர்டிஸ்.

“டியூட்டில இருக்கேன்.”

“தண்ணி கொதிக்கட்டும். அப்புறம் சொல்லுங்க.”

ஆபீசர் காகிதங்களை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனாள். கண்ணாடி ஜன்னல் வழியே அவள் போனில் பேசுவது தெரிந்தது. தலையை ஆட்டினாள். மறுபடி பேசினாள். வெர்லின் டயரைச் சுற்றி நடந்தான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மாட்டு லாரி எடை போட்டு, பச்சை வாங்கி, போயே போய்விட்டது. சாணி வாசனை மட்டும் நின்றது.

“அவ என்ன எழுதுறான்னு தெரியுதா?” என்று கேட்டான்.

“எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. ஆனா சுவருக்குள்ள எல்லாம் தெரியாது.”

பத்து நிமிடம் கழித்து ஆபீசர் வந்தாள். படிவத்தை வெர்லின் கையில் கொடுத்தாள். அவன் வெயிலுக்குத் திருப்பி, இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டாவது கட்டத்தில் குறி. ‘தனியார் வீட்டு வண்டி.’ இன்னொரு தடவையும் பார்த்தான்.

“இனிமே பலகையைப் பாத்தா நேரா போயிடுங்க சார். அடுத்த மேடைல இருக்கறவங்க அடுப்பைப் பத்தவச்சுப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க.” பிறகு ஆர்டிஸ் பக்கம் திரும்பினாள். “எனக்குச் சீனி வேணாம்.”

தொண்ணூறு மைல் போனபின் இன்னொரு மஞ்சள் பலகை மினுங்கியது. வெர்லினுடைய கை ஸ்டீயரிங்கை விட்டு எழுந்தது. ஆர்டிஸ் பின்னல் ஊசியால் விரல்மேல் ஒன்று வைத்தாள். கை திரும்பி வந்தது. பிரிகிற பாதை வலது பக்கமாக நழுவிப் போனது. திருடிவிட்டு ஓடுகிறவன் மாதிரி அவனுக்குக் கழுத்து வியர்த்தது.

“வலது கண்ணாடியைப் பாரு. யாராவது வர்றாங்களா?”

“ஒருத்தரும் இல்ல.”

“போலீஸ் லைட்டு?”

“இல்ல.”

மூன்று மைல் போனது. கால் இன்னும் பிரேக்கின் மேலேயே மிதந்தது.

“இப்ப?”

ஆர்டிஸ் நூலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“நீ முன்னால பாரு, வெர்லின். பின்னால நான் பாத்துக்கறேன்.”