கீரியார் ரசிகர் மன்றம் (பதிவு பெற்றது)

1

மனித இனம் நெருப்பை மூட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அதன் நெஞ்சைச் சுட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றே: படைப்பு, படைத்தவனுக்குச் சொந்தமா, அதை நேசிப்பவனுக்குச் சொந்தமா?

இந்த வாக்கியத்தை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்தேன். அந்தக் கட்டுரையாளரும் வேறெங்கிருந்தோதான் எடுத்திருக்க வேண்டும். வாக்கியத்தின் முடிவில் ஏழு என்று அடிக்குறிப்பு எண் போட்டிருந்தது. பக்கத்தின் அடியில் குறிப்பு எதுவும் இல்லை.

கதை பிறந்த இடத்தில் நெருப்பு இல்லை, வெயில்தான் இருந்தது. கிருமாம்பாக்கத்தில் கடலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஒரு ஃபிளக்ஸ். நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு கீரிப்பிள்ளை. நீலக் கோட்டு, தோளில் தபால் பை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். காலடியில் வரிசையாகப் பாஸ்போர்ட் முகங்கள், எல்லாமே கூலிங் கிளாஸ் மாட்டியவை. ‘அண்ணன் கீரியார் காட்டிய வழியில் அயராது உழைப்போம்!’ அதற்குக் கீழே, ‘பாகூர் கொம்யூன் கீரியார் ரசிகர் மன்றம் (பதிவு பெற்றது)’. கொம்யூன் என்றால் இந்தப் பக்கத்தில் பஞ்சாயத்து. பதிவு எண், லாரியின் சேசிஸ் எண் நீளத்துக்கு இருந்தது.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

(குறிப்பு: உண்மையில் அது கீரி இல்லை. வேறொரு பிராணி, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சொத்து. பெயரைச் சொன்னால் எனக்கும் நோட்டீஸ் வரும். அது என்ன பிராணி என்று நீங்களும் யோசிக்க வேண்டாம். யோசித்துக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கும் என்னைத்தான் பிடிப்பார்கள் என்று ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறார். அவர் ஐந்தாம் பகுதியில் வருவார்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘பாகூர் ஏரியின் மேல் அந்தி சாய்ந்தது. கரையில் நின்று, சிறகு மடக்கும் நாரைகளைப் பார்த்தபடி சுகன்யா தன் கலையின் எதிர்காலத்தை —’

விட்டுவிடுகிறேன். சுகன்யா நாரையைப் பார்க்கவில்லை. ஒரு குழந்தையின் தலையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

பதற வேண்டாம், கம்ப்யூட்டரில். அபிஷேகப்பாக்கத்துப் பெண், பி.சி.ஏ. படித்தவள், பாகூரில் சிங்காரவேலு என்பவரின் ஃபிளக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். குழந்தையின் தலையை ஒரு நடிகரின் உடம்பில் பொருத்த வேண்டும். தாய்மாமனுக்குப் பக்கத்தில் சிங்கம் வேண்டும். வானத்தில் பெருமாள் வேண்டும். அத்தனையும் நெட்டில் அள்ளியவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

“இந்தப் படமெல்லாம் யாருதுண்ணா? யாரையாவது கேக்க வேணாமா?”

“நெட்டுல கெடைக்கறதுக்கு ஏதும்மா ஓனரு? அது மழைத்தண்ணி. புடிச்சவன் குண்டானுக்குச் சொந்தம்” என்றார் சிங்காரவேலு.

பதிப்புரிமை பற்றி நான் படித்த தடிமனான நூல்கள் எதிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

வீட்டுக்குப் போனால் சுகன்யாவுக்கு வேறு வேலை. மூன்று வருடமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். கம்பெனியின் கேமில் கீரி பனி பெய்யும் ஏதோ ஒரு ஊரில் தபால் கொடுக்கும். சின்ன வயதில் அதை விளையாடிய கிறுக்கு அவளை விடவில்லை. இவள் கேமில் அதே கீரி அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஏம்பலம் வரைக்கும், கரும்பு லாரிக்கும் தெருநாய்க்கும் தப்பி, முதியோர் பென்ஷன் ஆர்டரைக் கொண்டுபோகிறது. ரசிகர்கள் இப்படிச் செய்து இலவசமாகக் கொடுப்பதற்கு ஃபேன் கேம் என்று பெயர். பகலெல்லாம் அடுத்தவர் படத்தை வெட்டி ஒட்டுகிறவள் இதற்கு மட்டும் நெட்டிலிருந்து ஒரு புல்லைக்கூட எடுக்கவில்லை. கரும்பு, நாய், கீரியின் வால், எல்லாம் அவளே கோடு கோடாக வரைந்தது.

பகலில் செய்ததற்கு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்குத்தான் கேட்டார்கள்.

ஃபேன் கேம் செய்கிறவர்களுக்குள் ஒரே ஒரு விதி உண்டு: முடிக்கும்வரை மூச்சு விடாதே. முழுசாக வெளியே போய்விட்டால் ஆளாளுக்கு எடுத்து வைத்துக்கொள்வார்கள், அப்புறம் எந்தக் கம்பெனியாலும் திரும்ப வாரிக்கொள்ள முடியாது. பாதியில் கம்பெனி காதுக்குப் போனால் பாதியோடு சமாதி. முடித்த கட்டங்களை மட்டும் தெரிந்த சிலருக்கு ஒரு லிங்க்கில் போட்டிருந்தாள். கடைசிக் கட்டம் ஒன்றுதான் பாக்கி.

3

புகழ்வேந்தன் சுகன்யாவின் பெரியப்பா மகன். முதல் பிரதியில் அவனை வில்லன் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். வில்லனுக்குக் கெட்ட எண்ணம் வேண்டும். புகழிடம் இருந்தது லெட்டர்பேடு மட்டும்தான்.

ஒரு நடிகரின் மன்றத்தில் கிளைச் செயலாளராக இருந்தவன். நடிகர் ஒருநாள் மன்றங்களை எல்லாம் கலைத்துவிட்டார். மன்றம் போன செயலாளர், மாப்பிள்ளை ஓடிப்போன பந்தல் மாதிரி. வாழைமரம் அப்படியே நிற்கும், யாரும் உள்ளே வரமாட்டார்கள்.

அந்த நிலையில்தான் சுகன்யாவின் போனில் கேமைப் பார்த்தான். வாங்கி விளையாடினான். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. மழையில் நனைந்துகொண்டே கீரி ஒரு கிழவருக்குப் பென்ஷன் ஆர்டரைக் கொடுத்த இடத்தில் மூக்கை உறிஞ்சினான்.

“இதுக்கு இன்னாமா பேரு?”

“ஃபேன் கேம்ணா. ரசிகருங்க செய்யறது.”

“ரசிகருங்கன்ற. மன்றம் எங்க?”

“மன்றம்லாம் இல்லண்ணா.”

“மன்றம் இல்லாம இன்னா ரசிகரு? அனாமத்தா?”

அவனுடைய அகராதியில் ரசிப்பதற்கு ஒரு முறை உண்டு. தலைமைக்கு எழுத வேண்டும். தலைமை விசாரித்துப் பதிவு எண் தரும். அதற்கப்புறம்தான் பால், பட்டாசு. எண் இல்லாமல் கொண்டாடுகிறவன் போலி ரசிகன். எனவே புகழ் லெட்டர்பேடு அடித்தான். ‘பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த தலைமைக்கு’ என்று எழுதி, போனிலேயே ஆங்கிலமாக்கி, சீல் வைத்து, போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு மெயில் அனுப்பினான். இணைப்பில் கேமின் லிங்க், ஃபிளக்ஸின் படம், நிர்வாகிகள் பட்டியல். பட்டியலில் மூன்றாவதாக சுகன்யா, மகளிர் அணித் தலைவி, மெயில் முகவரியோடு.

இதை நிதானமாகக் கவனியுங்கள். இந்தக் கதையில் முறைப்படி அனுமதி கேட்ட ஒரே ஆள் அவன்தான். கேமைக் கொன்றதும் அதுதான்.

4

சுகன்யா அந்த ஃபிளக்ஸைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். இறங்கினாள். புகழ் அதற்குக் கீழேயே நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். தங்கைக்கு இன்ப அதிர்ச்சி கொடுப்பதற்காக வில்லியனூரில் வேறு கடையில் அடித்திருந்தான்.

“யாரக் கேட்டு என் கீரிய எடுத்துப் போட்ட?”

“உன் கீரியா? அது கம்பெனி கீரிம்மா. நீயே அவன்கிட்டருந்து எடுத்தது.”

“இத நான் வரைஞ்சேன். வால்ல பாரு, மூணு கோடு. அவங்க கீரிக்குக் கோடே கெடையாது.”

“சரி, வரைஞ்ச. நான் இன்னா வித்தா தின்னுட்டேன்? ஒரு ஆசையில போட்டேன். பத்துக் காசு பாத்தனா இதுல? உன் கேமுக்கு வெளம்பரம்தானே?”

சுகன்யா ஃபிளக்ஸை நிமிர்ந்து பார்த்தாள். கம்பெனி என்றைக்காவது கேட்டால் சொல்வதற்காக மூன்று வருடமாக மனதில் வைத்திருந்த பதில், வார்த்தைக்கு வார்த்தை அதுதான்.

[இங்கே அவள் மனப் போராட்டத்தை ஒரு பத்தி எழுதியிருந்தேன். ‘கண்ணாடியில் தன் முகத்தையே’ என்று தொடங்கியது. எடுத்துவிட்டேன். அப்போது மனதில் ஓடியது, அடுத்து அவனிடம் வாய்விட்டுக் கேட்டதுதான் என்று பின்னால் அவள் சொன்னாள்.]

“இன்னா ரெசல்யூஷன்ல குடுத்தே? வாலெல்லாம் கட்டங்கட்டமா ஒடையுது. பாக்கறவன் நான் டிசைன் பண்ணன்னு நெனைக்க மாட்டான்?”

“அத வுடு. தலைமைக்கு லெட்டரும் போட்டாச்சி” என்றான் புகழ், பெருமையாக.

“எந்தத் தலைமைக்கு?”

அவன் சொன்னான். சுகன்யா நிழற்குடையில் போய் உட்கார்ந்தாள். அடுத்த பஸ்ஸும் போனது.

5

பதில் வந்தது. மகளிர் அணித் தலைவிக்குத்தான் வந்தது. மேலே நீளமாக ஒரு கோப்பு எண். கீழே மூன்று பத்தி. முதல் பத்தி, எங்கள் கீரியின் மீது தாங்கள் கொண்டுள்ள அன்பில் பெரிதும் மகிழ்கிறோம். இரண்டாம் பத்தி, கேமை விநியோகிப்பதையும் மேற்கொண்டு செய்வதையும் நிறுத்துங்கள். மூன்றாம் பத்தி, நிறுத்திவிட்டதாக இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள், தவறினால் சட்டம்.

சுகன்யாவின் போனில் புகழ் முதல் பத்தியைப் படித்தான். அதோடு நிறுத்திக்கொண்டான். சாயந்திரம் கிருமாம்பாக்கத்தில் சரவெடி வெடித்தது. ஃபிளக்ஸைக் கழற்றிப் புதியது கட்டினார்கள், ‘பதிவு பெற்றது’ என்று. சேசிஸ் எண் நீளத்துக்கு நான் பார்த்த பதிவு எண், நோட்டீஸின் கோப்பு எண்.

சுகன்யா வக்கீல் சார்லஸைப் பார்க்க வில்லியனூர் போனாள்.

“ஃப்ரீயாதானே சார் குடுக்கறேன்?”

“பக்கத்து வயல்ல நெல்லறுத்து அன்னதானம் போட்டா புண்ணியம் வேணா ஒனக்கு வரலாம்மா. கேஸும் ஒனக்குத்தான் வரும்.”

“நான் அறுக்கலையே சார். அந்த நெல்லப் பாத்து என் வயல்ல நானே நாத்து வுட்டேன்.”

சார்லஸ் கண்ணாடியைக் கழற்றினார். “நல்ல கேள்விதான். கோர்ட்டுல பதில் கெடைக்கும். அது வர்றப்ப நீயும் நானும் இருக்கணும்.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “எதுக்கு வம்பு? கீரிய எடுத்துட்டு மூஞ்சூறு வெச்சிடு. அதுக்கு ஓனரு புள்ளையாரு. அவரு நோட்டீஸ் வுடமாட்டாரு.”

“மூஞ்சூறு தாவாது சார்.”

“அது ஒன் பாடு.” வாசல்வரை வந்தவர் தயங்கினார். “எம் பையன் கேக்கச் சொன்னான். அடுத்த ஸ்டேஜு எப்ப வுடுவ?”

(இந்த இடத்தில் கம்பெனியைக் கிழித்துத் தோரணம் கட்ட இரண்டு பக்கம் எழுதினேன். முதலாளித்துவம் என்ற சொல் பதினோரு முறை வந்தது. சுகன்யா அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: “அந்த மொதல் கீரிய வரைஞ்சவருன்னு ஒருத்தர் இருப்பாருல்ல சார்? மாச சம்பளத்துக்கு, என்னாட்டம். அவரு வந்து வேணாம்மான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேன். நோட்டீஸ்ல அவரு பேரே இல்ல.” இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.)

6

அந்த இரண்டு பக்கத்தைப் படித்ததோடு சுகன்யா விடவில்லை. முழுக் கையெழுத்துப் பிரதியையும் கேட்டாள். ஃபிளக்ஸ் கடையில், ஒரு கண்ணீர் அஞ்சலி அச்சாகிக்கொண்டிருந்த நேரத்தில் கொடுத்தேன். அதில் அவளுக்கு ஒரு வீர உரை வைத்திருந்தேன். ‘கலைக்கு வேலி கட்டுகிறவர்களே, காற்றுக்கு —’

“யாரு சார் இது பேசறது?”

“நீங்கதாம்மா.”

“நான் எப்ப பேசனேன்?”

“கதைல பேசறீங்க.”

“என்னக் கேட்டீங்களா?”

“பேர மாத்திட்டனே. கீரியக்கூட மாத்திட்டேன். அதுவுமில்லாம, இது சிறுபத்திரிகைம்மா. எனக்கு ஒரு பைசா கிடையாது. ஒரு ஆர்வத்துல...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் சொல்வது எனக்கே கேட்டுவிட்டது. சிங்காரவேலு பிரிண்டரை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சுகன்யா சிரிக்கவில்லை, பேனாவை எடுத்து உரையைக் குறுக்கே அடித்தாள்.

“இத எடுத்துடுங்க. மத்தது இருக்கட்டும். எடுத்துட்டேன்னு எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். உரை இப்போது இந்தக் கதையில் இல்லை. மேலே உள்ள அரை வரி, அவளிடம் தனியாகக் கேட்டு வாங்கியது.

7

முடிவுகள்.

சுகன்யா லிங்க்கை எடுத்தாள், கம்பெனிக்கு எழுதினாள், லேப்டாப்பை மூடினாள். கீரி கடைசிக் கட்டத்தின் வாசலில், பையில் கடைசித் தபாலோடு அப்படியே நின்றது. (சோகம். பரிசு கிடைக்கலாம்.)

அல்லது, மூஞ்சூறைத் தாவவைத்தாள். சட்டப்படி சுத்தம். விளையாடியவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான், கீரி எங்கே? (நீதி. பாடப்புத்தகத்தில் சேரலாம்.)

அல்லது, எல்லாவற்றையும் முடித்து ஒரே ராத்திரியில் ஊர் உலகத்துக்கெல்லாம் அவிழ்த்துவிட்டு, கிருமாம்பாக்கம் ஃபிளக்ஸின் கீழ் நின்று அவள் — வேண்டாம். இது என் ஆசை.

நடந்தது இவ்வளவுதான் எனக்குத் தெரியும். லிங்க்கை எடுத்தாள். எடுத்துவிட்டதாகக் கம்பெனிக்கு எழுதினாள். புகழுக்கு விஷயம் புரிந்த அன்று அவன் அவள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டான். மன்றத்தை மட்டும் கலைக்கவில்லை. அதன் பிறகும் சுகன்யா வேலை முடிந்து வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். கடைசிக் கட்டத்தை முடித்துவிட்டாள். அதில் இருப்பது கீரியா, மூஞ்சூறா, வேறு ஏதாவதா?

கேட்டேன். என் போனை வாங்கி, எதையோ ஏற்றிக் கொடுத்தாள்.

“யாருக்கும் குடுக்க மாட்டேன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்கீங்களே?” என்றேன்.

“உங்ககிட்ட குடுத்தா வெளிய போவாது சார். உங்க பொஸ்தகத்தையே நாலு பேருதான் வாங்கறாங்க.”

“முடிவ மட்டும் சொல்லுங்களேன். கதைக்கு வேணும்.”

“மூணு வருஷம் செஞ்சிருக்கேன். வாயால சொல்லவா? கடைசி ஸ்டேஜ்ல இருக்குது. வெளாடிப் பாத்துக்கோங்க.”

ஆகவே, வாசகரே, முடிவை உங்களிடம் ஒப்படைக்கிறேன். விமர்சகர்கள் இதைத் திறந்த முடிவு என்பார்கள், ஆசிரியன் தன் அதிகாரத்தைத் துறந்த கணம் என்பார்கள். ஒரு கருத்தரங்கில் நானே அப்படிச் சொல்லவும் கூடும்.

கேமின் முதல் கட்டத்திலேயே ஒரு வாய்க்கால் வருகிறது. எனக்கு அதைத் தாண்டத் தெரியவில்லை.