ஆராவமுதனார் சான்று பகர்ந்த கதை

மேற்கு மலைத்தொடர், பகலெல்லாம் விழுங்கிய வெயிலைச் செரிக்கமாட்டாத பேருண்டியன்போல் நீலம் பாரித்து அயர்ந்து கிடக்க, செண்பகத்தோப்பின் அடர்கானிலிருந்து இறங்கிய காற்று, தென்னந்தோப்புகளை நலம் வினவி, திருவில்லிபுத்தூர்க் கோபுரத்துப் புறாக்களை ஒருமுறை கிளப்பி மீண்டும் அமர்த்தி, பால் காய்ச்சும் அடுப்புகளின் இனிய புகையை மடியிற் கட்டிக்கொண்டு, இராசபாளையத்து நூற்பாலைகள் உமிழும் பஞ்சுத் துகளோடு கலந்து விளையாடச் செல்லும் பங்குனி மாதத்து மாலைப்பொழுது அது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. திருவில்லிபுத்தூர் மாடவீதியில், தம் இல்லத்து முன்னறையில், சாய்வு நாற்காலியில் வீற்றிருந்தார் பேராசிரியர் ஆராவமுதனார். கற்றறிந்த அன்பரே, இவ்வளவு பெரிய மலையை முன்னிறுத்திவிட்டு இவ்வளவு சிறிய மனிதரைக் காட்டலாமோ என்று வினவாதீர். அவர் தம்மை அம்மலையினும் ஒரு முழம் உயர்ந்தவராகவே கருதியிருந்தார். நாம் குறைத்துச் சொன்னால் வருந்துவார்.

வருந்துவதற்கு உரிமையுள்ள புலமைதான் அது. மதுரையில் ஒரு சட்டக் கல்லூரியில் குற்றநடைமுறைச் சட்டத்தையும் இசுலாமியச் சட்டத்தையும் இரு தோள்களிலும் காவடிபோற் சுமந்து கால் நூற்றாண்டு கற்பித்தவர். திருமண் துலங்கும் நெற்றியோடு பள்ளிவாசல் மௌலவி ஒருவரிடம் அரபு பயின்று, மாடவீதியார் முணுமுணுக்கவும் பள்ளிவாசலார் முறுவலிக்கவும் ஒருங்கே இடமளித்தவர். இரு சட்டங்களையும் ஒப்பிட்டு அவர் யாத்த பெருநூல், தலைக்கு வைத்து உறங்கத்தக்க பருமனும், உறக்கத்தை வருவிக்கத்தக்க நடையும் ஒருங்கே வாய்ந்தது. அவர் பெற்ற பொன்னாடைகளை மனைவி வஞ்சுளவல்லி மழைக்காலத்தில் அரிசிப் பானைக்குச் சுற்றி வைத்திருந்தார்.

எனினும், நிறைகுடத்தின் அடியில் ஒரு கீறல் இருந்தது. குற்றநடைமுறை முழுவதையும் தலைகீழாய் ஒப்பிக்கவல்ல அப்பெருமான், வாழ்நாளில் ஒருமுறையேனும் ஒரு வழக்கில் வாய்திறந்தவர் அல்லர். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் உள்ளூர் வழக்கறிஞர்கள், 'ஏட்டுச் சுரைக்காய் வந்திருக்கிறது, கறிக்கு உதவுமா பாருங்கள்' என்று தேநீர்க் கடையில் அவர் காதுபட நகையாடுவர். அந்நகையொலி, செருப்புக்குள் புகுந்த பருக்கைக்கல்போல், அவர் நடந்த இடமெல்லாம் உடன் நடந்தது. அத்துடன், பல்கலைக்கழகம் ஒன்று ஒப்பீட்டுச் சட்டத்திற்குப் புதிய இருக்கை ஒன்றை அமைக்கப்போவதாகவும், நூலறிவோடு நீதிமன்றப் பழக்கமும் உள்ளவரையே தேடுவதாகவும் செவிவழிச் செய்தி உலவிய காலம் அது.

அக்காலத்தில்தான் இராசபாளையத்தை அடுத்து ஒரு பஞ்சுக் கிடங்கு எரிந்தது. உள்ளே உறங்கிய காவலாளி கரிந்து மாண்டான். மேற்பார்வையாளரோடு முந்தின நாள் சொற்போர் நிகழ்த்திய குற்றத்திற்காக, மூட்டை தூக்கும் மொக்கைச்சாமி என்பவனைக் காவலர் பிடித்துப் போயினர். சினந்து பேசியவன் தீ வைத்திருப்பான் என்பது காவலர் தருக்கம். சான்றோ துளியும் இல்லை. காவலரிடம் ஒருவன் தன் குற்றத்தை ஒப்பினால் அது நீதிமன்றத்தில் செல்லாது. வெளியார் ஒருவரிடம் தானாக வந்து ஒப்பினால் செல்லும். ஆதலின், பிடிபட்டவனை ஊர் நிர்வாக அலுவலர் முன் கொண்டுபோய் நிறுத்தி, அவன் தானே நடந்து வந்து மனம் திறந்ததாக எழுதி வாங்குவது நம் நாட்டுக் காவலரின் நெடுநாள் வழக்கம். ஆனால் அவ்வாண்டு அவ்வழக்கம் சற்றே நைந்திருந்தது. ஒரே அலுவலரிடமே ஊர்க் கள்வரெல்லாம் வரிசையாக மனம் திறப்பதென்ன, அவர் அலுவலரா அருட்தந்தையா என்று நடுவர் ஒருவர் வினவிவிட்டார்.

ஆகவே காவல் ஆய்வாளர் சுயம்புலிங்கம் அன்று மாலை பேராசிரியர் இல்லத்திற்கு, ஒரு சீப்புப் பழத்தோடு வந்தார்.

"ஐயா பேரு சொன்னா ஜட்ஜே எந்திரிச்சு நிப்பாரு. இந்தப் பய ஐயாகிட்டத்தான் எல்லாத்தையும் சொல்லணும்னு ஒத்தக் கால்ல நிக்கான்."

"என்னை அவன் அறிவானோ?"

"ஒங்களை அறியாதவன் உண்டுமா? செத்த நேரந்தான். சாட்சிக்கு ஒருக்கா கூண்டேறணும், அம்புட்டுதான்."

கூண்டு என்ற சொல் பேராசிரியரின் செவியில் தேனாய்ப் பாய்ந்தது. அன்பரே, காவல் என்பது கைவிலங்கு அன்று, காவலர் கண்ணே விலங்கு. அக்கண் படும் எல்லைக்குள் ஒருவன் சொல்வது எதுவும் அவன் சொல்லன்று என்று தம் நூலில் அழகுற எழுதியவர் இவரே. சாளரத்தின் வழியே நோக்கின், எதிர்த்த கடையில் வேட்டி உடுத்திய இருவர், காவலர்க்கே உரிய காலணிகளோடு, தேநீரை ஆற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. பேராசிரியர் எழுந்து, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிச் சாளரத்தைச் சாத்தினார். வெயில் அதற்கு முன்பே மலைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

மொக்கைச்சாமி உள்ளே வந்தான். மேல்துண்டால் இரு கைகளையும் போர்த்தியிருந்தான். குற்றத்தைத் தானாக ஒப்ப வருபவனிடமிருந்து நடுவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அவன் மீண்டு போக வழிவிட வேண்டும் என்று இசுலாமியச் சட்ட வகுப்பில் ஆண்டுதோறும் கண்பனிக்க உரைக்கும் நம் தலைவர், நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அஞ்சற்க. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுக."

மொக்கைச்சாமி கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்: "அவிய சொன்னாப்பிலயே நாந்தான் வச்சேன் சாமி."

பேராசிரியரின் எழுதுகோல் ஒரு கணம் நின்றது, பின் நகர்ந்தது. 'சினமேலீட்டால் யானே தீயிட்டேன்' என்று தாளில் பதிந்தது. மூட்டை தூக்குபவன் சினமேலீட்டை எங்கிருந்து தூக்கி வந்தான் என்பது இருக்கட்டும்; 'அவிய சொன்னாப்பிலயே' என்ற முற்பகுதி, நடைக்கு ஊறு செய்வதென்று நீக்கப்பட்டது.

அவர்கள் சென்றபின் வஞ்சுளவல்லி கேட்டார்: "ஏன்னா, அந்த மனுஷன் கையைப் பார்த்தேளா? துண்டு விலகினப்போ பார்த்தேன், ரெண்டும் பூசணிக்காயாட்டம் வீங்கியிருந்ததே."

"கையை நோக்குதல் மருத்துவர் தொழில். யான் சொல்லைக் கேட்பவன்."

"சொல்லைத்தான் கேட்டேளா?" என்றுவிட்டு அவர் அடுக்களைக்குப் போனார். அன்றிரவு மோர் சற்றுப் புளித்திருந்தது.

மறு ஆண்டு வழக்கு விசாரணைக்கு வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கூண்டேறுவதைக் காண வழக்கறிஞர்கள் அனைவரும் திரண்டிருந்தனர். மொக்கைச்சாமிக்காக எழுந்தவர் வைகுண்டராஜ். பேராசிரியரின் பழைய மாணவர். அவர் குறுக்கு விசாரணையில் ஆசிரியரின் பெருநூலையே விரித்து, காவலர் கண்ணே விலங்கு என்னும் பகுதியை உரக்கப் படித்துவிட்டு, பணிவோடு கேட்டார்: "ஐயா, அன்னைக்கு உங்க வீட்டுக்கு எதிரே காவலர் இருந்தாங்களா இல்லையா?"

மொக்கைச்சாமியின் மனைவி செல்லத்தாய், பன்னிரண்டு வயது மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, வாயிலில் நின்று அவர் வாயையே பார்த்திருந்தாள். ஒரு சொல் போதும். அச்சொல்லை உரைத்தால் அவன் வீடு திரும்புவான். ஆனால் காவலரின் நாடகத்தில் வேடம் புனைந்தவர் என்று தலைவர் பெயர் நாறும். பல்கலைக்கழக இருக்கை காற்றில் பறக்கும்.

"யான் எவரையும் கண்டிலேன்" என்றார் ஆராவமுதனார்.

இத்துணை அழகாக ஒருவர் பொய் சொல்ல மாட்டார் என்று மன்றம் நம்பியது. மொக்கைச்சாமிக்கு வாழ்நாள் சிறை; தலைவருக்கு இருக்கை. இரண்டும் ஒரே திங்களில் வழங்கப்பெற்றன.

புகழ் வளர்ந்தது. எனினும், நெல்லுக்குள் கிடக்கும் கல் உண்பவன் பல்லுக்கே தெரிவதுபோல், ஒன்று அவருக்கு மட்டும் தெரிந்தது. ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் தொண்டை கட்டிக்கொண்டதாகச் சொல்லி, இளநிலை ஆசிரியர் ஒருவரை அனுப்பலானார். ஆண்டுதோறும் அதே கிழமையில் கட்டும் தொண்டையை மாணவர் வியந்தனர்.

தொண்ணூற்றிரண்டில் சென்னை உயர்நீதிமன்றம் மொக்கைச்சாமியை விடுவித்தது. வேறொருவர் வழக்கைக் கேட்க வந்தவரும் நின்று நகைக்கத்தக்க தீர்ப்பு அது. 'இப்பொருள்பற்றிப் பேரறிஞர் ஒருவர் ஐயந்திரிபற எழுதியுள்ளார்' என்று ஆராவமுதனாரின் நூலைப் போற்றியது ஒரு பத்தி. 'இச்சாட்சியின் கூற்று நம்பத்தக்கதன்று' என்று ஆராவமுதனாரைத் தள்ளியது அடுத்த பத்தி. பேராசிரியர் முதற்பத்தியை மட்டும் படியெடுத்துக் கண்ணாடியிட்டு மாட்டினார். வஞ்சுளவல்லி அதற்குத் தூசி தட்டுவதில்லை.

அடுத்த ஆண்டு, பணி ஓய்வு பெற்று மாடவீதிக்கே மீண்டிருந்த அவரை நாடிச் செல்லத்தாய் வந்தாள். அமரச் சொன்னதற்கு அமரவில்லை.

"மகளுக்கு வன்னியம்பட்டியில இடம் வந்திருக்கு சாமி. மாப்பிள்ளை வீட்டுல, கொள்ளி வச்ச வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு யோசிக்காவ."

"உயர்நீதிமன்றமே விடுவித்துவிட்டதே. தீர்ப்பின் படி ஒன்று தருகிறேன்."

"அந்தக் காயிதம் எங்ககிட்டயும் இருக்கு. அது மெட்ராஸ்ல உள்ளவுகளுக்கு. எங்க ஊருல, அம்புட்டுப் படிச்ச சாமி பொய் சொல்லுவாரான்னுதான் கேக்காவ. ஒங்க வாய் சொல்லித்தான் அவர் கொள்ளி வச்சவரு ஆனாரு. ஒங்க வாய் சொன்னாத்தான் இல்லைன்னு ஆவும்."

"நான் என்ன சொல்ல வேண்டும்?"

"என்ன நடந்துச்சோ அதை."

பேராசிரியர் சுவரில் கண்ணாடியிட்டு மாட்டிய முதற்பத்தியை ஒருமுறை நோக்கினார். அடுக்களை வாயிலிலிருந்து வஞ்சுளவல்லியின் குரல் வந்தது: "போயிட்டு வாங்கோ. குடை எடுத்து வைக்கிறேன்."

மொக்கைச்சாமியின் வீட்டு வாசலில், வேம்பின்கீழ் விரித்த பாய்களில், மாப்பிள்ளையின் தாய் பிச்சையம்மாள் நடுநாயகமாக அமர்ந்திருந்தாள். மொக்கைச்சாமி ஓரத்தில், தன் வழக்கை அயலார் வழக்குப்போல் கேட்டுக்கொண்டு, குந்தியிருந்தான். தலைவர் எழுந்தார். பழக்கம் பொல்லாதது. சட்டத்தின் தோற்றத்தில் தொடங்கி, வாக்குமூலத்தின் வகைகளைக் கடந்து, அரபு நாட்டு நூலோர் கருத்தை அணுகும்போது பிச்சையம்மாள் வெற்றிலையை ஒருபுறம் ஒதுக்கினாள்.

"சாமி, எனக்கு எழுத்து வாசனை கெடையாது. ஒரே ஒரு கேள்வி. இவரு தீ வச்சேன்னு ஒங்ககிட்டச் சொன்னாரா, சொல்லலையா?"

ஆராவமுதனார், வாழ்நாளில் முதன்முறையாக, அணியேதும் இல்லாமல் பேசினார்.

"போலீஸ் சொல்லச் சொன்னதைச் சொன்னார். அது எனக்கு அப்போதே தெரியும். வெளியே போலீஸ் நின்றதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று கோர்ட்டில் பொய் சொன்னேன்."

செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிச்சையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பார்வையில் வெறுப்பில்லை, சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பவளின் கவனம் இருந்தது.

"அன்னைக்குச் சத்தியம் பண்ணிக் கூண்டுல நின்னு ஒண்ணு சொன்னீய. இன்னைக்குச் சத்தியம் பண்ணாம பாயில நின்னு ஒண்ணு சொல்லுதீய. சத்தியம் பண்ணினதே பொய்யின்னா, பண்ணாததை நான் எந்த நம்பிக்கையில எடுத்துக்கிட? பொண்ணைப் பெத்தவ கூப்பிட்டுத்தான் நீங்க வந்தீயன்னும் எனக்குத் தெரியும். ஏலே, எந்திரிங்க. வெயிலுக்கு முன்ன வீடு போய்ச் சேருவோம்."

அன்பரே, பொய்ப்பழி சுமத்திய ஒருவன் பின்னர் மனம் திருந்தினால், அவன் சான்று மீண்டும் ஏற்கத்தக்கதா என்பது இசுலாமியச் சட்ட நூலோர் நெடுங்காலம் வழக்காடிய பொருள். திருந்தினால் ஏற்கலாம் என்பர் ஒரு சாரார். திருந்தினும் சாகும்வரை ஏற்கலாகாது என்பர் மற்றொரு சாரார். ஆராவமுதனார் இதற்கென ஓர் இயல் முழுவதையும் ஒதுக்கி, இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று வழுவழுப்பாக முடித்திருந்தார். பிச்சையம்மாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, ஒரு தரப்பைத் தேர்ந்துகொண்டு எழுந்து போனாள்.

பெண்ணுக்குப் பூச்சூட்டிய கைகள் வீட்டினுள் அப்பூவைக் களையத் தொடங்கின. தம்மை ஏசுவர், அடிக்கவும் அடிப்பர் என்று பேராசிரியர் காத்து நின்றார். உள்ளபடியே அதை விரும்பியும் நின்றார். மொக்கைச்சாமி வந்தான். கீழே சாய்ந்து கிடந்த குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"பஸ்ஸு இப்ப வந்துரும் சாமி. அந்தப் பக்கம் நிழலு இருக்கு, நில்லுங்க."

அவ்வளவே சொன்னான். சொல்லிவிட்டு, யாரும் அமராத பாய்களை ஒவ்வொன்றாய் உதறிச் சுருட்டத் தொடங்கினான். விடுதலைத் தீர்ப்பு அவன் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அவன் பெயர் மட்டும் அன்றும் சிறையிலிருந்து வெளியே வரவில்லை. ஆராவமுதனார் பொய் உரைத்த நாளில் ஊர் எழுந்து நின்று கேட்டது; மெய் உரைத்த நாளில் ஊர் எழுந்து போயிற்று. இதில் ஊரின்மேல் குற்றம் காண எந்தச் சட்டத்திலும் இடமில்லை. மெய்யும் பயிர் போன்றதே. பருவத்தில் விதையாதவன், பின்னொரு நாள் களஞ்சியம் முழுவதையும் கொண்டுவந்து கொட்டினாலும், நிலம் அதை வாங்கிக்கொள்வதில்லை.